கையெழுத்து யாருடையது?



ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் சகோதரர் ஒருவர் என்னைத் தேடி மதரஸாவுக்கு வந்தார். தேங்காய் வணிகத்தில் இருவருடன் கூட்டுச் சேர்ந்திருப்பவர். அவர் கையில் ஒரு புரோநோட்டின் நகல் இருந்தது. கடைக்காகக் கடன் வாங்கியபோது, கடையின் பெயரை எங்குமே குறிப்பிடாமல் தம் பெயரை மட்டும் எழுதி ஒப்பமிட்டிருந்தார். வணிகம் நொடித்தது. கடன் கொடுத்தவர் இவரை மட்டுமே நெருக்குகிறார். கூட்டாளிகளோ, "உமது கையெழுத்து, உமது கடன்" என்று ஒதுங்கிக்கொண்டனர்.

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணங்கள் சட்டம், 28ஆம் பிரிவில் இதைத்தான் எச்சரிக்கிறது. பிறருக்காக ஒப்பமிடுபவர் அதைப் புலப்படுத்தாவிடில், பொதுவாக அவரே அக்கடனுக்குப் பொறுப்பாவார். எழுதும் கை ஒருவருடையது. எழுத்துக்குக் கட்டுப்படுபவர் வேறொருவராக இருக்கலாம். இவ்விருவரையும் பிரித்துக் காட்டும் இடமே ஒப்பந்தத்தின் இறுதியிலுள்ள கையொப்பப் பகுதி.

நமது கம்பம் பள்ளத்தாக்கை வாழவைக்கும் பெரியாற்று நீரே இதற்குச் சான்று. 1886 அக்டோபர் 29 அன்று எழுதப்பட்ட குத்தகைப் பத்திரத்தில் ஒப்பமிட்டவர்கள் திவான் ராமய்யங்காரும், ஆங்கிலேய ரெசிடென்ட் ஹன்னிங்டனும் ஆவர். ஆயினும் குத்தகை கொடுத்தது திருவிதாங்கூர் மகாராஜாவின் அரசு. பெற்றவர் ஆங்கிலேய அரசின் இந்திய மந்திரி. குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். ஒப்பமிட்டோர் மறைந்தனர், மகாராஜாவின் ஆட்சியும் ஆங்கிலேயர் ஆட்சியும் நீங்கின. அதன் பின்னரும் அக்குத்தகை அழிந்துவிடவில்லை என்றே 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையெழுத்திட்டவரின் ஆயுளோடு முடிந்துவிடுவதன்று, ஒரு தகுதியில் இடப்பட்ட கையெழுத்து.

அவ்வாறாயின், நமது வணிகங்களில் எவ்வாறு ஒப்பமிடுவது?

தனி ஒருவரின் கடையில், சட்டத்தின் பார்வைக்குக் கடையும் உரிமையாளரும் ஒருவரே. கடையின் பெயர்ப்பலகையில் உள்ள பெயர் மட்டும் போதாது. "இன்னார், இன்ன கடையின் உரிமையாளர்" என்று இருத்தல் வேண்டும்.

கூட்டு வணிகத்தில், "இன்ன நிறுவனத்திற்காக" என்பது மேலே. ஒப்பம் அதன் கீழே. அதற்கும் கீழே பெயரும் "பங்குதாரர்" என்ற சொல்லும். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, வழக்கமான வணிகத்தில் இவ்வாறு ஒருவர் இடும் ஒப்பம் அனைவரையும் கட்டும். ஆனால் நிறுவனத்திற்காக நிலம் வாங்கவோ, அதன் நிலத்தை விற்கவோ மற்றவர்களின் வெளிப்படையான அதிகாரம் வேண்டும்.

2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த எல்.எல்.பி. எனும் வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை, பங்குதாரர்களிலிருந்து வேறான தனி நபராகவே கருதப்படும். அதன் பெயரில் "எல்.எல்.பி." என்ற எழுத்துகளை விட்டுவிடலாகாது.

கம்பெனியாயின், பதிவிலுள்ள முழுப்பெயர் "லிமிடெட்" உட்பட மேலே வர வேண்டும். ஒப்பத்தின் கீழே பெயரும், இயக்குநர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலர் என்ற பதவியும் வர வேண்டும். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் கம்பெனிக்குப் பொது முத்திரை கட்டாயமன்று. ஆகவே முத்திரையைக் கண்டு மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒப்பமிடுபவருக்கு அதிகாரம் தந்த இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

பள்ளிவாசல் கடைகளை வாடகைக்கு விடும் முத்தவல்லிமார்களுக்கும் ஒரு சொல். சொத்து வக்ஃபுடையது, தாங்கள் அதன் பொறுப்பாளர். "இன்ன பள்ளிவாசல் வக்ஃபுக்காக, இன்னார், முத்தவல்லி" என்றே ஒப்பமிடுங்கள். சட்டம் கேட்கும் இடங்களில் வக்ஃபு வாரியத்தின் அனுமதியும் தனியே வேண்டும். தனிப்பெயரில் எழுதிவிட்டால், தங்கள் காலத்திற்குப் பின் வாடகை யாருக்குரியது என்ற வழக்குத்தான் மிஞ்சும்.

எந்த வகையாயினும் ஒப்பத்தின் அருகே பெயர், தகுதி, இடம், தேதி ஆகிய நான்கும் இருக்கட்டும். சாட்சிகள் தம் முகவரியையும் எழுதட்டும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. நாமோ, "நமக்குள் என்ன எழுத்து?" என்று பெருந்தன்மை பேசுகிறோம். பின்னர் அதே நாவால் "உமது கையெழுத்து" என்கிறோம்.

அச்சகோதரருக்கு வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. வணிகத்தை முறையாக நடத்தியதில் ஒரு பங்குதாரருக்கு நேர்ந்த பொறுப்பை நிறுவனம் ஈடுசெய்ய வேண்டும் என்று கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. கடன் பணம் கடையில் சேர்ந்ததைக் கணக்கேடு காட்டுமா என்று கேட்டேன். காட்டும் என்றார். அவ்வேட்டுடன் ஒரு வழக்கறிஞரைக் காணுமாறு கூறி, அதற்கு முன்னர் கூட்டாளிகளை ஒருமுறை நேரில் அழைத்து அந்தப் பக்கத்தைக் காட்டும்படியும் சொன்னேன். அப்பணத்தில் வாங்கிய சரக்கின் இலாபத்தை உண்டவர்கள், அதன் கடனைத் தமதன்று என்று சொல்ல எவ்வாறு மனம் துணிவர்?

புரோநோட்டில் விடுபட்டது ஒரே ஒரு வரி. அதை எழுத அரை நிமிடம் போதும். அடுத்த முறை பேனாவைத் திறக்கும்போது, "நான் யாருக்காக எழுதுகிறேன்?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், விடையைக் கையெழுத்தின் கீழேயே எழுதிவிடுங்கள்.