ஊசி போட்டால் போதாது, அளந்தும் பார்க்க வேண்டும்

“முட்டையையும் பருப்பையும் நிறுத்திட்டேன் மேடம். சரிதானே?”

குழந்தைகள் புற்றுநோய் வார்டை ஒட்டியிருக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு ரத்த மாதிரி கொண்டுவரும் தாய்மார்கள் பலர் என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைக்கு அஸ்பராஜினேஸ் ஊசி போடுகிறார்கள். ரத்தத்தில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை அழிக்கும் மருந்து அது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அப்படியானால் அந்தச் சத்துள்ள சாப்பாடே கூடாது என்று வீட்டில் முடிவெடுத்துவிடுகிறார்கள். டாக்டரே சொன்னாலொழிய நிறுத்தாதீர்கள் என்பதுதான் என் பதில். சிகிச்சையைத் தாங்கிக்கொள்ள அந்தப் பிள்ளைக்குப் புரதம் வேண்டும். அஸ்பராஜினை ரத்தத்திலேயே வெட்டித் தள்ளுவது ஊசியின் பொறுப்பு. அதை ஊசி ஒழுங்காகச் செய்கிறதா என்பதில்தான் என் கவலை எல்லாம்.

அமினோ அமிலங்களில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது அஸ்பராஜின்தான். நம் ஊர்த் தண்ணீர்விட்டான் கொடியின் இனத்தைச் சேர்ந்த அஸ்பாரகஸ் செடியிலிருந்து 1806இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதை எடுத்தார்கள். 1953இல் நியூயார்க்கில் ஜான் கிட் என்ற மருத்துவர், கினிப்பன்றியின் ரத்தச் சீரத்தைச் செலுத்தினால் எலிகளின் நிணநீர்ப் புற்றுக்கட்டிகள் கரைவதைக் கண்டார். அந்தச் சீரத்தில் இருக்கும் அஸ்பராஜினேஸ் என்ற நொதியே அதற்குக் காரணம் என்று 1961இல் ஜான் ப்ரூம் காட்டினார். இன்று அதே நொதியை பாக்டீரியாவிலிருந்து எடுக்கிறோம். குழந்தைகளுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயின் சிகிச்சையில் தவிர்க்க முடியாத மருந்து அது.

ரத்தத்தில் அஸ்பராஜின் வற்றினால் எல்லாச் செல்களுக்கும் பஞ்சம்தான். புற்றுச் செல் மட்டும் ஏன் சாகிறது? இதற்கான விடையை எத்தனை முறை மாணவர்களுக்குச் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

அமினோ அமிலங்கள் புரதத்தின் செங்கற்கள் என்று பள்ளியில் படித்தோம். செங்கல் தீர்ந்தால் வேலை நிற்கும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். செல் அப்படிக் கைகட்டி நிற்பதில்லை. அமினோ அமிலங்களைச் சுமந்து வர வேண்டிய டிஆர்என்ஏ மூலக்கூறுகள் வெறுமனே திரியத் தொடங்கியதும், ஜிசிஎன்2 என்ற புரதம் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. ஈஐஎஃப்2 ஆல்ஃபா என்ற இன்னொரு புரதத்தின் மேல் அது ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. உடனே செல்லுக்குள் புரத உற்பத்தி மொத்தமாகக் குறைகிறது. ஆனால் ஏடிஎஃப்4 போன்ற சில புரதங்கள் அந்த நெருக்கடியில்தான் கூடுதலாக உருவாகின்றன. ஏடிஎஃப்4 நேராக உட்கருவுக்குள் போய், டிஎன்ஏவில் தனக்கென்று உள்ள இடங்களில் உட்கார்ந்து, பஞ்சத்தைச் சமாளிக்க உதவும் மரபணுக்களை இயக்குகிறது. அவற்றில் ஒன்றுதான் அஸ்பராஜினைத் தயாரிக்கும் அஸ்பராஜின் சிந்தட்டேஸ் நொதிக்கான மரபணு. வெளியிலிருந்து வராவிட்டால் என்ன, நானே செய்துகொள்கிறேன் என்று ஆரோக்கியமான செல் பிழைத்துக்கொள்கிறது.

பெரும்பாலான லிம்போபிளாஸ்டிக் லுகேமியா செல்களில் இந்த மரபணு போதிய அளவுக்கு இயங்குவதில்லை. அதனால் அவை பட்டினியில் மடிகின்றன. பஞ்சத்தை உணரும் இந்த ஏற்பாடு நம் உடலுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கும் சான்று உண்டு. ஜிசிஎன்2 இல்லாத எலிகளுக்கு இதே மருந்தைக் கொடுத்தபோது அவற்றின் கல்லீரல் கெட்டது.

ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது. மருந்து பலவீனமாக இருந்தால் அஸ்பராஜின் முழுதாக வற்றாது. புற்றுச் செல்லுக்கு அவகாசம் கிடைத்துவிடும். மருந்துக்கு மசியாத லுகேமியா செல்களில் அஸ்பராஜின் சிந்தட்டேஸ் கூடியிருப்பதை ஆய்வகங்கள் பலமுறை பார்த்திருக்கின்றன. இந்த நோயில் அரைப் பட்டினி உதவாது.

அதனால்தான் மருந்து ரத்தத்தில் வேலை செய்கிறதா என்று அளந்து பார்க்கிறோம். எங்கள் சோதனையை எளிமையாகச் சொல்கிறேன். குழந்தையின் ரத்தச் சீரத்தில் சில துளிகளை அஸ்பராஜின் கரைசலில் விட்டு 37 டிகிரியில் வைக்கிறோம். பிறகு ஓர் அமிலத்தைச் சேர்த்தால் புரதமெல்லாம் வெள்ளையாகத் திரிந்துவிடும். சுழற்றி எடுத்து, மேலே தெளிந்து நிற்பதில் நெஸ்லர் கரைசலை ஊற்றுகிறோம். ஊசியில் போன நொதி வேலை செய்திருந்தால் அஸ்பராஜின் உடைந்து அம்மோனியா உண்டாகியிருக்கும். குழாய் அடர்ந்த மஞ்சளாகும். சீரத்தில் நொதியின் செயல்திறன் மில்லிலிட்டருக்கு 0.1 யூனிட்டாவது இருக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. ஊசி தவறாமல் போட்ட குழந்தையின் குழாய் வெளிறிப் போய் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த முடிவை டாக்டரிடம் சொல்லும்போது நாக்கு எழாது.

காரணம் இரண்டு. சில குழந்தைகளின் உடல், அலர்ஜிக்கான அறிகுறி எதுவும் காட்டாமலே எதிர்ப்பொருளை உருவாக்கி மருந்தை முடக்கிவிடும். அது யார் குற்றமும் அல்ல. அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டால் வேறு பாக்டீரியாவின் நொதிக்கு மாறலாம். இரண்டாவது காரணத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை: குப்பியில் எழுதியிருக்கும் வீரியம் குப்பிக்குள் இல்லை. நம் நாட்டில் விற்கும் சில பிராண்டுகளில் இந்தக் குறை இருப்பதை இந்திய மருத்துவர்களே ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். தரம் குறைந்த அஸ்பராஜினேஸ் 90க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருப்பதாக 2023இல் லண்டனைச் சேர்ந்த புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள ஒரு மருந்துக்கு இந்தக் கதி.

அரசு கொள்முதல் செய்யும் மருந்துகளை மாதிரி எடுத்துச் சோதிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதில் பிற மாநிலங்களுக்கு முன்னோடி. அஸ்பராஜினேஸுக்கு அதை இன்னும் கடுமையாக்க வேண்டும். ஒவ்வொரு பேட்ச்சிலும் நொதியின் வீரியத்தையும் தூய்மையையும் அளந்து, முடிவைப் பொதுவில் வெளியிட வேண்டும். ஊசிக்குப் பிறகு ரத்தத்தில் அளவு பார்ப்பதையும் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே சேர்க்க வேண்டும். இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. நெஸ்லர் முறைக்கு ஒரு நிறமானி இருந்தாலே போதும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு முட்டையும் பருப்பும் கொடுங்கள். அடுத்த ஊசிக்கு முன்னால், “போன ஊசி ரத்தத்தில் எவ்வளவு வேலை செய்தது, பார்த்தீர்களா?” என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.