ஹாலோவீன் கார்டை குழந்தை செய்யட்டும், நீங்க செய்யாதீங்க

அக்டோபர் கடைசி வாரம் வந்தாச்சு. அமெரிக்கால குட்டிப் பசங்க இருக்கற வீடுகள்ல இப்போ சாப்பாட்டு மேசை மேல ஆரஞ்சு பேப்பரும் கறுப்பு பேப்பரும் பசையுமா பரவிக் கிடக்கும். டேகேர் நண்பர்களுக்கு, டீச்சருக்கு, 31ஆம் தேதி சாயங்காலம் மிட்டாய் குடுக்கற பக்கத்து வீட்டுப் பாட்டிக்குன்னு ஹாலோவீன் கார்டு தயாராகுது. ஒரு குழந்தைகள் நல மருத்துவரா இதுல எனக்கு ஒரு கருத்து உண்டு. த்ரெட் கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு வாங்க.

கருத்து இதுதான். கார்டு கோணலா வந்தா விட்டுடுங்க. திருத்தாதீங்க.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி, என் மகளுக்கு மூணு வயசு. ஒரு சனிக்கிழமை உக்காந்து எட்டு பூசணிக்காய் கார்டு செஞ்சோம். ஒரு பூசணி முட்டை மாதிரி இருந்தது, இன்னொண்ணுக்கு கண்ணு முகத்துக்கு வெளிய இருந்தது. அவ தூங்கினதும் நான் கத்தரிக்கோலை எடுத்தேன். ஓரத்தை நறுக்கி, கண்ணைப் பிச்சு சரியான இடத்துல ஒட்டி, கோட்டுக்கு மேல கோடு போட்டு, பதினோரு மணிக்கு எட்டும் கடைல வாங்கினது மாதிரி ஆயிடுச்சு. எனக்கு ஒரே பெருமை.

காலைல ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிப் பாத்தா. "என்னோடது எங்க?"ன்னு கேட்டா. இதான்டா கண்ணுன்னேன். "இது அம்மாவோடது"ன்னு வெச்சுட்டுப் போயிட்டா. அழல. அழுதிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும். அந்த வாரம் முழுக்க, க்ரேயானைக் கைல குடுத்தா என்கிட்டயே திருப்பி நீட்டி "நீயே வரை"ன்னா. இத்தனைக்கும் குழந்தை வளர்ச்சியைப் பத்தி மத்த பெற்றோர்களுக்கு தினமும் க்ளினிக்ல பாடம் எடுக்கறவ நான்!

அந்தப் பாடத்தை இங்கயும் எடுத்துடறேன். பொதுவா ஒன்றரை வயசுல கிறுக்கல் வரும். ரெண்டு வயசு வாக்குல நேர்கோடு, மூணு வயசுல வட்டம், நாலுல கூட்டல் குறி, அதுக்கப்புறம் சதுரம், அஞ்சு வயசு வாக்குல முக்கோணம். கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம், ஆனா வரிசை ஏறக்குறைய இதுதான். இப்போ ஹாலோவீன் பூசணி முகத்தை நினைச்சுப் பாருங்க. வட்ட முகம், முக்கோணக் கண்ணு, ரம்பம் மாதிரி பல்லு. அதாவது மூணு வயசுக் குழந்தையால முகத்தைப் போட முடியும். கண்ணும் பல்லும் இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுதான் வரும். அதை இப்பவே கேட்டுட்டு, வரலன்னதும் நாமளே கையைப் பிடிச்சு வரையறோம்.

அதனால வேலையைப் பிரிச்சுக்கோங்க. முக்கோணத்தை நீங்க வெட்டிக் குடுங்க, எங்க ஒட்டணும்ங்கறது குழந்தை முடிவு. நெத்தில ஒட்டினா நெத்திலதான் கண்ணு. ரெண்டு வயசுக்குக் கீழன்னா ஒரு தாள் முழுக்க ஆரஞ்சு க்ரேயான்ல கிறுக்க விட்டுட்டு, அந்தத் தாளைப் பூசணி வடிவத்துல நீங்க வெட்டுங்க. பாதியா வெட்டின ஆப்பிளை ஆரஞ்சு பெயின்ட்ல தோய்ச்சு அழுத்தினாலும் பூசணி வந்துடும். எனக்குப் பிடிச்சது கால் தடப் பேய். பாதத்துல வெள்ளைப் பெயின்ட் தடவி கறுப்புத் தாள்ல அழுத்தி, தலைகீழா திருப்பணும். குதிகால் பேயோட தலை, விரல்கள் அலை அலையான பாவாடை. கூச்சத்துல குழந்தை நெளியறதால ஒவ்வொரு பேயும் வேற மாதிரி வரும். தண்ணில கழுவினா போற பெயின்ட்டா மட்டும் பாத்து வாங்குங்க.

பேய் முகத்தையும் அவங்களே வரையட்டும். இந்த வயசுல நிஜத்துக்கும் கற்பனைக்கும் நடுவுல கோடு அவ்வளவு தெளிவா இருக்காது. கடை வாசல்ல தொங்கற எலும்புக்கூட்டைப் பாத்து அலறற குழந்தை, தான் வரைஞ்ச பேய்க்கு சிரிப்பும் தொப்பியும் போட்டு வெச்சுக்கும். பயத்தோட பேச இது ஒரு நல்ல வழி.

"அழகா இருக்க வேணாமா டாக்டர்?"னு கேப்பீங்க. அழகான ஹாலோவீன் கார்டுக்கு ஒண்ணும் பஞ்சமில்ல. 1900கள் ஆரம்பத்துலயே அச்சடிச்ச ஹாலோவீன் போஸ்ட்கார்டு இங்க பிரபலம். எலன் கிளாப்சாடில்னு ஒரு ஓவியர் வரைஞ்சதை இன்னிக்கும் தேடி வாங்கி சேகரிக்கறாங்க. அந்த அழகோட நாம ஏன் போட்டி போடணும்?

நான் கறாரா இருக்கற இடம் வேற. கார்டுல ஒட்டற ஆடற பிளாஸ்டிக் கண்ணு. மூணு வயசுக்குக் கீழ அதைக் கைலயே குடுக்காதீங்க. டாய்லெட் பேப்பர் சுருளோட அட்டைக் குழாய்க்குள்ள நுழையற எதுவும் அந்த வயசுக்கு மூச்சடைக்கற பொருள். மூக்குலயும் போட்டுக்குவாங்க, சொல்லவும் மாட்டாங்க. ஒரு பக்க மூக்குல மட்டும் நாத்தத்தோட சளி வந்தா சாதாரண சளின்னு விடாம, உள்ள எதாவது இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டுங்க.

அதைவிடப் பயங்கரம் பட்டன் பேட்டரி. பாட்டுப் பாடற கார்டு, மினுக்கற கார்டு, பூசணிக்குள்ள வைக்கற போலி மெழுகுவத்தி, எல்லாத்துலயும் இருக்கலாம். உணவுக்குழாய்ல சிக்கினா ஈரத்துல மின்சாரம் ஓடி காரம் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள்ளயே சதையை ஆழமா அரிச்சுடும். முழுங்கினதா சந்தேகம் வந்தாலே நேரா எமர்ஜென்சி, எக்ஸ்ரே. வாந்தி எடுக்க வைக்காதீங்க. குழந்தைக்கு ஒரு வயசு தாண்டியிருந்து, முழுங்கி 12 மணி நேரத்துக்குள்ளன்னா, விழுங்க முடிஞ்சா, போற வழில 10 நிமிஷத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் குடுக்கலாம், அதிகபட்சம் 6 முறை. வேற எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ குடுக்காதீங்க. தேன் தேடிக்கிட்டு வீட்லயும் நிக்காதீங்க. பேட்டரி மூக்குல போனாலும் அவசரம்தான், ஆனா அதுக்குத் தேன் கிடையாது. என் வீட்ல பேட்டரி வெச்ச கார்டுக்கே இடமில்ல.

மகளுக்கு இப்போ அஞ்சு வயசு. நேத்து முக்கோணம் போட்டா, தானா. பூசணிக்கு மூணு கண்ணு. எதுக்கு மூணாவதுன்னு கேட்டேன். "ரெண்டும் தூங்கறப்ப மிட்டாயைப் பாத்துக்க"ன்னா. கார்டு அப்படியே பக்கத்து வீட்டுப் பாட்டி ஃப்ரிட்ஜ் கதவுக்குப் போயாச்சு.