நடிக்கப் போனவள் கடை விரித்தால் என்ன தப்பு?



இரண்டு வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி, 'இந்தக் காலத்துப் பெண் பிள்ளைகள் ஒரு வேலையில் நிலைத்து நிற்பதே இல்லை. இன்று ஒன்று, நாளை ஒன்று என்று தாவினால் எந்த வீட்டில் பெண் எடுப்பார்கள்?' என்று கேட்டிருந்தார். படித்ததிலிருந்து என் மனசு ஒரு நிலையில் இல்லை. அவர் சொன்ன மாதிரிப் பெண் ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். என் மகள்தான்!

நான் திருவையாற்றுக்காரி. எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. மேட்டூர் எப்போது திறப்பான், குறுவை உண்டா, தாளடி உண்டா என்று தண்ணீரைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிற குடும்பம். ஒரே மகள். பி.காம். படிக்கும்போதே கல்லூரி நாடகத்தில் நடித்துப் பரிசு வாங்குவாள். நாங்களும் சந்தோஷமாகக் கை தட்டினோம். ஆனால் படிப்பு முடிந்ததும், 'சென்னைக்குப் போய் நடிக்கப் போறேன்' என்றாளே பார்க்கலாம்! வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாத குறை. கடைசியில் அவள் பிடிவாதம்தான் ஜெயித்தது.

ஒரு டி.வி. சீரியலில் கதாநாயகியின் தங்கையாக நாலு வருஷம் நடித்தாள். திடீரென்று ஒரு நாள் கதையில் அந்தத் தங்கையைக் கல்யாணம் பண்ணிக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பி விட்டார்கள். அவ்வளவுதான், வேலை போச்சு! பிறகு கொஞ்ச நாள் டப்பிங் பேசினாள். விளம்பரப் படங்களில் ஓரமாகத் தலை காட்டினாள். அப்புறம் அப்படிப்பட்ட ஒரு விளம்பர நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, என்ன எழுதினால் ஜனங்கள் வாங்குவார்கள் என்று கற்றுக்கொண்டாள். மூன்று வருஷம் முன்பு தஞ்சாவூருக்கே வந்து, மாடியில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, சொந்தமாக விளம்பரம், விற்பனை ஆலோசனை என்று ஒரு நிறுவனம் தொடங்கி விட்டாள்.

சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? 'முதல்ல கூத்தாடப் போனா, இப்போ கடை கடையா ஏறி இறங்குறா' என்றார்கள். பெண் பார்க்க வந்த ஒரு இடத்தில், 'இன்னும் என்னென்ன வேலையெல்லாம் பார்க்கப் போறாளாம்?' என்று சிரித்தபடியே கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். ஊர் பேசியதை விடுங்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

அவள் சீரியலில் நடித்துக்கொண்டிருந்த சமயம், பாபநாசம் பக்கம் ஒரு கல்யாணம். தூரத்துச் சொந்தக்கார அம்மாள் ஒருவர், 'உங்க பொண்ணு என்ன பண்றா?' என்று கேட்டார். 'மெட்ராஸ்ல ஒரு ஆபீஸ்ல கணக்கு எழுதுறா' என்று வாய் கூசாமல் சொன்னேன். திரும்பிப் பார்த்தால், எனக்காக காபி வாங்கிக்கொண்டு பின்னால் நிற்கிறாள் என் மகள். ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது மட்டும், 'ஏம்மா, நான் திருடவா போனேன்?' என்று கேட்டாள். தோழிகளே, இன்று வரை அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அதற்கப்புறம்தான் எங்கள் ஊர்க் கதையே எனக்குத் தெரிய வந்தது. தியாகராஜர் ஆராதனை என்றால் திருவையாறே பெருமைப்படும். ஆனால், தன் பெயருக்கு முன்னால் 'டி' என்று இதே ஊர்ப் பெயரை வைத்துக்கொண்ட டி.பி. ராஜலட்சுமியைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. 1931 அக்டோபர் 31-ம் தேதி வெளிவந்த முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' கதாநாயகி இவர்தான். விவரம் தெரியும் முன்பே கல்யாணம், அது நிலைக்கவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அம்மாவோடு திருச்சிக்குப் போய், வயிற்றுப் பாட்டுக்காக நாடகக் கம்பெனியில் சேர்ந்த சின்னப் பெண். ஊரும் உறவும் என்ன பேசியிருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

நாடகம், ஊமைப் படம், பேசும் படம் என்று போனவர் அதோடு நின்றாரா? 1936-ல் 'மிஸ் கமலா' என்று தான் எழுதிய கதையைத் தானே படமாக்கினார். தயாரிப்பும் அவரே, டைரக்‌ஷனும் அவரே, கதாநாயகியும் அவரே! தென்னாட்டில் முதல் பெண் டைரக்டர் என்று இன்றைக்குப் புத்தகத்தில் போடுகிறார்கள். 'ராஜம் டாக்கீஸ்' என்று சொந்தக் கம்பெனியும் நடத்தினார். நடிகை, எழுத்தாளர், டைரக்டர், முதலாளி! அந்தச் சகோதரியின் கணக்குப்படி பார்த்தால் இவரும் 'நிலையில்லாதவர்'தானே?

அதற்கும் முன்னால், கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் என்று ஒருவர் இருந்திருக்கிறார். நூறு வருஷத்துக்கும் முந்திய கதை. அவரும் நடிகைதான். பெண்களை மட்டுமே சேர்த்து ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். ஆதரவில்லாத எத்தனையோ பெண்களுக்கு அந்தக் கம்பெனிதான் சோறு போட்டது. அவர் நாடகம் பார்க்க வரும் கூட்டத்துக்காகவே 'பாலாமணி ஸ்பெஷல்' என்று ரயில் விட்டதாக நாடக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். டி.வி. இல்லை, ரேடியோ இல்லை. நோட்டீஸும் வாய்ப்பேச்சும்தான் விளம்பரம். அதை வைத்துக்கொண்டு ரயிலை நிரப்பியவருக்கு வியாபாரம் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா?

நம் காலத்துக்கு வாருங்கள். நடிகை ராதிகா, ராடான் நிறுவனம் மூலம் சீரியல் எடுத்தார். 1999-ல் சன் டி.வி.யில் 'சித்தி' தொடங்கியதும் ராத்திரிச் சாப்பாட்டையே நாம் முன்கூட்டி முடித்தோமே, மறக்குமா? நமக்குத் தெரிந்தது அவர் அழுததும் சிரித்ததும்தான். அந்த நாளில் சீரியல் எடுப்பவர் சேனலுக்குப் பணம் கட்டி அரை மணி நேரத்தை வாங்க வேண்டும். அதில் வரும் விளம்பர நிமிஷங்களை சோப்பு கம்பெனிக்கும் மசாலா கம்பெனிக்கும் தாங்களே விற்றுத்தான் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். விற்காவிட்டால் நஷ்டம் தயாரிப்பாளர் தலையில்! சின்ன வயசில் 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் இரட்டைக் குழந்தையாக நடித்த குட்டி பத்மினியும் பெரியவளானதும் சீரியல் தயாரிப்பாளர் ஆனார். நடிப்பிலிருந்து விற்பனைக்கு வரும் பாதை என் மகள் புதிதாக வெட்டியது இல்லை. ஏற்கெனவே பெண்கள் நடந்து தேய்ந்த பாதைதான்.

'நடிப்புக்கும் வியாபாரத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?' என்று நானே அவளிடம் கேட்டிருக்கிறேன். அவள் வாயால் சொல்லவில்லை, செய்து காட்டினாள்.

எங்கள் பக்கத்துச் சுய உதவிக் குழுப் பெண்கள் மாப்பிள்ளைச் சம்பா அரிசியைப் பாக்கெட் போட்டு விற்றார்கள். முதல் தடவை எல்லோரும் வாங்கினார்கள். இரண்டாம் தடவை ஒருத்தரும் வரவில்லை. 'பெரிய போர்டு வைக்கலாமா, நடிகையை வைத்து விளம்பரம் பண்ணலாமா?' என்று இவளிடம் வந்தார்கள். இவள் போர்டும் வைக்கவில்லை, நடிகையையும் கூப்பிடவில்லை. கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு இரண்டு நாள் உட்கார்ந்து, வாங்குகிறவர்கள் முகத்தையே பார்த்தாள். பேச்சுக் கொடுத்தாள். 'வேகவே மாட்டேங்குது, கல்லு மாதிரி இருக்கு' என்றாளாம் ஒரு சின்ன வயசுப் பெண். விஷயம் அவ்வளவுதான்! அந்தச் சிவப்பரிசியை ராத்திரியே ஊற வைக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும், ஃப்ளாட்டில் குடியிருக்கும் புது மருமகளுக்குத் தெரியுமா? பாக்கெட்டின் பின்னால், 'முதல் நாள் இரவே ஊற வைக்கவும்' என்று தொடங்கி, எத்தனை பங்கு தண்ணீர், எத்தனை விசில், கஞ்சிக்கு எப்படி, இட்லிக்கு எப்படி என்று பெரிய எழுத்தில் அச்சடிக்கச் சொன்னாள். போன ஆட்களெல்லாம் திரும்பி வந்தார்கள்.

'எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்க முகத்தைப் படிக்கிறதுதாம்மா நடிப்பு. அதையேதான் இங்கேயும் செய்யறேன்' என்று அப்புறம் சொன்னாள். சீரியலில் நாலு வருஷம் வீணாப் போச்சே என்று நான் அழுதது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, எல்லாம் இனிப்பாகவே சொல்லிக்கொண்டு போகிறாயே என்று நினைக்காதீர்கள். வளைந்து போகிற பாதையில் பள்ளமும் உண்டு. ரயிலை நிரப்பிய பாலாமணி கடைசிக் காலத்தில் வறுமையில் வாடினார். ராஜலட்சுமி 'இந்தியத் தாய்' என்று படம் எடுத்து, வெள்ளைக்காரன் தணிக்கையில் மாட்டி, பெரிய நஷ்டப்பட்டார். திறமை மட்டும் இருந்தால் போதாது, கையில் கணக்கு வேண்டும். இதைத்தான் நான் என் மகளுக்குச் சொன்னேன்.

அந்தச் சந்தர்ப்பமும் வந்தது. போன வருஷம் அவள் நிறுவனத்தைப் பெரிதாக்க ஒரு வங்கியில் கடன் கேட்டுப் போனாள். 'கல்யாணம் ஆச்சா? அப்பா கையெழுத்துப் போடுவாரா? முதல்ல நடிச்சீங்களாமே, இதை எத்தனை நாள் பண்ணுவீங்க?' என்று கேட்டு அனுப்பி விட்டார்கள். வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, 'ம்மா, உன் நகையை ஒரு வருஷத்துக்குக் குடுப்பியா?' என்றாள்.

என்னிடம் இருப்பது 12 பவுன். எங்கம்மா போட்டது. மகள் கல்யாணத்துக்கென்று பீரோவில் வைத்திருப்பது. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. விடிகாலையில் அவரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசாத மனுஷர். மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே, 'கல்லணைத் தண்ணி நேரா ஓடினா கடலுக்குத்தான் போகும். நாலு வளைவு வளைஞ்சதாலதான் நம்ம வயலுக்கு வருது. குடு' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனாலும் முழுசாகக் கொடுக்கவில்லை. ஏழு பவுன் கொடுத்தேன். ஐந்து பவுனை வைத்துக்கொண்டேன். நகையை விற்கக் கூடாது, அடகுதான். வட்டியை மாசா மாசம் அவளே கட்ட வேண்டும். நிறுவனப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே பையில் இருக்கக் கூடாது. முன்பணம் வாங்காமல் யாருக்கும் வேலை தொடங்கக் கூடாது. மாதம் ஒரு நாள் கணக்கு நோட்டை என் முன்னால் விரிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். 'அம்மா, நீ வங்கி மேனேஜரா போயிருக்கலாம்' என்று கிண்டல் பண்ணினாள். இன்றைக்கு அவளிடம் நாலு பெண்கள் சம்பளம் வாங்குகிறார்கள். மூன்று பவுன் மீட்டாகிவிட்டது. பாக்கி நாலும் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

கல்யாணமா? இன்னும் ஆகவில்லை. அந்தக் கவலை எனக்கு இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால், அவள் செய்த வேலைகளை மறைத்து ஒரு மாப்பிள்ளை தேடுவதில்லை என்று நானும் அவரும் முடிவு செய்துவிட்டோம். மறைத்துக் கட்டிக் கொடுத்தால், வாழ்நாள் பூராவும் அவள் அந்த வீட்டிலும் நடித்துக்கொண்டேதானே இருக்க வேண்டும்?

அன்புச் சகோதரிக்கு என் பதில் இதுதான். பெண் வேலை மாறுகிறாளே என்று பார்க்காதீர்கள். ஒவ்வொரு வேலையிலும் என்ன கற்றுக்கொண்டாள், அதை அடுத்ததற்குக் கொண்டுபோனாளா, கணக்கைச் சுத்தமாக வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். ஒன்றும் கற்காமல் தாவினால் தாராளமாகக் கண்டியுங்கள். கற்றுக்கொண்டே போகிறவளை, 'நிலையில்லாதவள்' என்று சொல்லிக் காலை வாராதீர்கள். ஆண் பிள்ளை நாலு தொழில் பார்த்தால் 'அனுபவசாலி' என்கிறோம். பெண்ணுக்கு மட்டும் ஏன் வேறு பெயர்?

போன தை மாதம் கும்பகோணத்தில் ஒரு வளைகாப்பு. பக்கத்து இலையில் உட்கார்ந்த அம்மாள் வழக்கம்போல, 'பொண்ணு என்ன பண்றா?' என்றார். ஒரு நிமிஷம் தொண்டை அடைத்தது. 'சீரியல்ல நடிச்சிட்டிருந்தா. இப்போ தஞ்சாவூர்ல விளம்பரக் கம்பெனி நடத்துறா' என்று சத்தமாகவே சொன்னேன். அந்த அம்மாள் முகத்தைச் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, 'அப்படியா! என் தம்பி மன்னார்குடிப் பக்கம் அரிசி மில்லு வெச்சிருக்கான். வியாபாரமே இல்லேன்னு புலம்புறான். உங்க பொண்ணு நம்பரைக் கொஞ்சம் குடுங்க' என்றாரே பார்க்கலாம்!

ராத்திரி மகளிடம் சொன்னேன். பாபநாசம் கல்யாணத்தை அவளும் மறக்கவில்லை போலிருக்கிறது. ஒன்றும் பேசாமல் எழுந்து போய், இரண்டு டம்ளர் காபி கலந்து எடுத்து வந்தாள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருவையாறு.