மூக்கைத் தூக்கினால் போதுமா?

அமெரிக்காவில் ஒரு ரேஸ் உண்டு. வளைவு கிடையாது, ரவுண்டு கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நேராகக் கால் மைல், அதாவது 402 மீட்டர், பறக்க வேண்டும். ஒரு தும்மல் போட்டு மூக்கைத் துடைப்பதற்குள் ஆட்டம் க்ளோஸ். பெயர், டிராக் ரேஸ். 1950-ல் கலிஃபோர்னியாவில் சாண்டா அனா விமான ஓடுபாதையில் காசு வாங்கிக்கொண்டு நடத்த ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே வாலி பார்க்ஸ் என்பவர் என்.எச்.ஆர்.ஏ. என்ற சங்கத்தைத் தொடங்கி, தெருவில் சீறிக்கொண்டிருந்த பையன்களை ஒழுங்குக்குள் கொண்டுவந்தார்.

'நேராகத்தானே போகப்போகுது, முன் சக்கரத்துக்கு அங்கே என்ன சார் வேலை?' என்று கேட்பீர்கள். நிறைய வேலை இருக்கிறது.

டவுன் பஸ்ஸை டிரைவர் வெடுக்கென்று கிளப்பினால் நிற்கிறவர்கள் எல்லாரும் பின்னால் சாய்கிறார்கள் அல்லவா? காருக்கும் அதே கதிதான். வேகம் எடுக்கும்போது அதன் பாரம் பின்பக்கம் போகிறது. 1955 மாடல் செவர்லேயை எடுத்துக்கொள்வோம். எடை 1,500 கிலோ, சக்கரங்களுக்கு நடுவே 2.92 மீட்டர், பார மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், புவியீர்ப்புக்குச் சமமான வேகத்தில் கிளம்பும்போது சுமார் 280 கிலோ முன்னாலிருந்து பின்னால் மாறுகிறது. நாலு குண்டு ஆசாமிகள் டிக்கி மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி! தள்ளுவது பின் டயர்தான். அதன் மேல் பாரம் ஏற ஏற, வழுக்காமல் தரையைக் கவ்வும்.

மையம் எவ்வளவு உயரமோ, மாறுகிற பாரமும் அவ்வளவு அதிகம். அந்தக் காலத்து டயர்களுக்குப் பிடிப்பு போதாது. ஆகவே ஐம்பது, அறுபதுகளின் ரேஸ் பையன்கள் காரின் மூக்கையே தூக்கிவிட்டார்கள். இந்த வகைக்கு 'கேஸர்' என்று பெயர். (அங்கே பெட்ரோலை 'கேஸ்' என்பார்கள். சிலிண்டரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இதில் ஒரு தமாஷ். 1955-ல்தான் செவர்லே பழைய கிங் பின்னை விட்டுவிட்டு, முன் சக்கரத்துக்குப் பால் ஜாயிண்ட் கொடுத்தது. நம்ம ஆட்கள் அந்தப் புது ஐட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, லாரி மாதிரி குறுக்கே ஒரே அச்சு, பட்டை ஸ்பிரிங், மறுபடி கிங் பின் என்று மாட்டினார்கள். ரேஸுக்காகப் பின்னோக்கி ஒரு முன்னேற்றம்.

அந்த கார்கள் இன்றும் ஓடுகின்றன. தாத்தா வாங்கியதைப் பேரன் ஓட்டுகிறான். காசு கிடைத்தால் அவனுக்கு முதலில் ஆசை வருவது இன்ஜின் மேல். பானெட்டைத் திறந்தால் நாலு பேர் வாயைப் பிளப்பார்களே! அடியில் கிடக்கும் புஷ்ஷை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?

ஆனால் தூக்கிய மூக்கு இறங்கியாக வேண்டும். பல கார்களுக்கு முன் சக்கரம் தரையை விட்டே எழும்பிவிடும். அது திரும்ப வந்து தொடும் வினாடியில்தான் டிரைவரின் உயிர் ஸ்டியரிங்கில் இருக்கிறது. சக்கரம் ஒரு விரல் திரும்பியிருந்தாலும் கார் பக்கவாட்டில் பாயும். பாதையின் இரண்டு பக்கமும் சுவர்.

அதனால்தான் விவரமானவர்கள் முன்பக்கத்தில் கை வைக்கிறார்கள். முதலில் புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் முனை, கிங் பின். சக்கரத்தைப் பிடித்து ஆட்டி 'ப்ளே' இருந்தால் மாற்று. பழைய அச்சில் கிங் பின் தேய்ந்துபோனால் வேகத்தில் சக்கரம் தலையாட்டும். கோயில் மாடு தலையாட்டினால் சில்லறை போடலாம். இது ஆட்டினால் சாமியைக் கூப்பிட வேண்டியதுதான்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். டிராக் ரேஸில் '90/10' என்று ஒரு ரகம் பிரபலம். மேலே எழும்ப லேசாக விடும். கீழே இறங்குவதை இறுக்கிப் பிடிக்கும். சம்பள உயர்வுக்கு நேர் எதிர். இப்போது குமிழைத் திருகி இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற ரகங்கள் வந்துவிட்டன. மூக்கு ஓர் அளவுக்கு மேல் எழாமல் தடுக்க லிமிட்டர் போடுகிறார்கள். வானத்தைப் பார்த்த காருக்குக் கைதட்டல் கிடைக்கும், நேரம் கிடைக்காது.

பால் ஜாயிண்ட் வைத்த கார்களில் தகட்டு ஆர்முக்குப் பதிலாகக் குழாய் ஆர்ம் போட்டால் எடை குறையும். கூடவே அலைன்மெண்ட். சைக்கிளில் கையை விட்டு ஓட்டியிருப்பீர்கள். ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருப்பதும் அது நேராகப் போக ஒரு காரணம். காரில் அந்தச் சாய்வுக்கு 'கேஸ்டர்' என்று பெயர். அதைச் சற்றே கூட்டி வைத்தால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும். இன்னொரு சங்கதி, மூக்கு ஏறி இறங்கும்போது டை ராடும் ஆர்மும் வெவ்வேறு வளைவில் நகர்ந்தால், நீங்கள் திருப்பாமலே சக்கரம் திரும்பும். ஆகவே கார் நிற்கும் உயரத்தில் மட்டும் அளந்தால் போதாது. தூக்கி வைத்தும் அளக்க வேண்டும்.

கடைசியாக பிரேக். 1955 செவர்லேக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். வேகம் இரண்டு மடங்கானால் அடக்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. டிரம் சூடானால் பிடி தளரும். முன்னால் டிஸ்க் பிரேக் போட்டால் அந்தச் சூட்டை ஊதித் தள்ளும். நிறுத்தும்போது பாரமெல்லாம் முன்பக்கம்தானே வருகிறது!

'ஐயோ, பழமை போயிடுமே' என்று புலம்புகிறவர்கள் உண்டு. நியாயம்தான். அந்த ஒற்றை அச்சும் தூக்கிய மூக்கும்தான் காருக்கு அழகு. அச்சு இருக்கட்டும், பட்டை ஸ்பிரிங்கும் இருக்கட்டும். அதற்குள் இருக்கும் கிங் பின்னும் புஷ்ஷும் புதுசாக இருந்தால் எந்த தாத்தாவும் கோபித்துக்கொள்ளமாட்டார். வெளியே தெரியாத பாகத்தில் போட்ட காசுதான் பேரனை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது.

நமக்கு டிராக் ரேஸ் எல்லாம் ஒன்பதரை மணிக்கு ஆபீஸ் கேட் வரைக்கும்தான். இருந்தாலும் அடுத்த முறை மெக்கானிக், "சார், ஃபோர்க் ஆயில் சீல் லீக் ஆகுது" என்று சொன்னால், "அது கிடக்கட்டும்ப்பா, சைலன்சர் மாத்திடு" என்று சொல்லாதீர்கள். சத்தம் ஊருக்கு, சீல் உங்களுக்கு.