இரண்டு இயந்திரம், இரண்டு சின்னம்: இதிலென்ன குழப்பம்?

"எம்.பி.க்கு ஒரு கட்சி, எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கட்சின்னு ஓட்டுப் போடுறவன் கொள்கையே இல்லாதவன்!" தேர்தல் முடிந்த மறுநாள் டீக்கடையிலும் கல்லூரி கேன்டீனிலும் தவறாமல் கேட்கும் வசனம் இது. ஜெயித்தவர் "மக்கள் தெளிவாக இருக்கிறார்கள்" என்பார். தோற்றவர் "மக்கள் குழம்பிவிட்டார்கள்" என்பார். உண்மையில் குழம்பியது யார்?

2019 ஏப்ரல் 18. தமிழகத்தில் மக்களவைத் தேர்தலோடு 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடந்தது. ஒரே நாள், ஒரே வாக்குச்சாவடி. வேலூரில் ரத்தானது போக, 38 மக்களவைத் தொகுதிகளில் 37-ஐ திமுக கூட்டணி அள்ளியது. ஆனால் இடைத்தேர்தலில் 8 இடங்கள் அதிமுகவுக்கு!

தருமபுரியைப் பாருங்கள். மக்களவைக்கு ஜெயித்தது திமுக. அதற்குள்ளேயே இருக்கும் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் ஜெயித்தது அதிமுக. தேனியில் அப்படியே தலைகீழ். எம்.பி. அதிமுக, ஆண்டிபட்டி, பெரியகுளம் எம்.எல்.ஏ.க்கள் திமுக. எல்லோருமே பிரித்துப் போட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. முடிவைத் திருப்பக் கொஞ்சம் பேர் போதும்.

"அதெல்லாம் கூட்டணிக் கோளாறு. தருமபுரியில் மாம்பழம், தேனியில் கை. சொந்தச் சின்னம் இல்லையே" என்பார்கள். சரி, அதுதானே விஷயம்! தலைவர்கள் சென்னையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால், தொண்டன் ஓட்டு மூட்டை மாதிரி அடுத்த லாரிக்கு ஏறிவிட வேண்டுமா? ஏற மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை இல்லையா?

கூட்டணியே குறுக்கிடாத உதாரணமும் உண்டு. அதே 2019-ல் ஒடிசாவில் இரண்டு தேர்தலும் சேர்ந்தே நடந்தன. பாஜகவுக்குச் சட்டமன்றத்தில் சுமார் 32.5 சதவீதம், மக்களவையில் சுமார் 38.4 சதவீதம். 21 எம்.பி. இடங்களில் பிஜு ஜனதா தளத்துக்கு 12, பாஜகவுக்கு 8, காங்கிரசுக்கு 1. மாநில ஆட்சியோ நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களோடு நவீன் பட்நாயக்குக்கே! டெல்லிக்கு ஒருவர், புவனேஸ்வருக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டவர்கள் முட்டாள்களா?

பல்வலிக்குப் பல் டாக்டர், கண்வலிக்குக் கண் டாக்டர் என்று போகிறவனை யாரும் விசுவாசம் இல்லாதவன் என்று திட்டுவதில்லை. ரேஷன் கடையும் உள்ளூர் ரோடும் ஒரு கேள்வி. பிரதமர் யார் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே விடை எழுத வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் எங்கே இருக்கிறது?

அந்தப் பிரித்துப் போட்ட ஓட்டுகள் சும்மாவும் போகவில்லை. அன்று கிடைத்த 8 இடங்களும், மே 19 அன்று வென்ற சூலூரும் சேர்ந்துதான் எடப்பாடி பழனிசாமி ஆட்சியை 2021 வரை நிற்க வைத்தன. அது நல்லதா கெட்டதா என்று சண்டை போடலாம். மக்கள் தெரியாமல் செய்தார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பரம்பரை ஓட்டு, சாதி ஓட்டு, சின்னத்து ஓட்டு... இவை எங்கேயும் போகாது என்று கட்சிகளுக்குத் தெரியும். அதனால் அந்தத் தெருப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எந்தப் பொத்தானை அமுக்குவான் என்று தெரியாத ஒருவனுக்குத்தான் பயப்படுகிறார்கள். ஜனநாயகத்தில் அந்தப் பயம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கட்டுமே!