நடுக்கோடும் அத்தை வீடும்

கல்லுக்கு வேட்டு வைப்பதைக் கணிப்பொறியிலேயே நடத்திப் பார்க்கும் காலம் இது. எத்தனை தமர், எவ்வளவு மருந்து, பாறை எப்படிச் சிதறும், நிலம் எவ்வளவு அதிரும் என்பதெல்லாம் திரையில் தெரிகின்றன. சுரங்கவியல் பயிலும் நானும் அதைக் கண்டு வியந்தவன்தான்.

ஆனால் என் ஊர் தடா. ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் அத்தை வீடு. சற்றுத் தள்ளி ஒரு கல்குவாரி. சென்ற விடுமுறையில் அத்தை சுவரில் ஒரு விரிசலைக் காட்டினார். "கணக்குப் போட்டுத்தான் வேட்டு வைக்கிறாங்களாம். உன் படிப்பு என்னடா சொல்லுது?" என்றார்.

விரிசல் வேட்டால்தான் வந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். மண் இறங்கினாலும் சுவர் வெடிக்கும். ஆனால் அந்தக் கணக்கைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்தின் எடைக்கு வர்க்கமூலம் கண்டு, அதனால் தூரத்தை வகுக்கிறார்கள். வீடு பாதித் தூரத்தில் இருந்தால் மருந்து கால் பங்காக வேண்டும். தமர்களை ஒருங்கே வெடிக்காமல் மில்லிநொடி இடைவெளி விடுவதும் இதற்காகவே. ஆனால் இச்சூத்திரத்தில் பாறைக்குப் பாறை மாறும் எண்கள் இரண்டு உள்ளன. அவற்றை அந்த இடத்திலேயே வேட்டு வைத்து, அதிர்வுமானியால் அளந்து பெறவேண்டும். வேற்றூர்ப் பாறையின் எண்ணைக் கடன் வாங்கிக் கொடுத்தாலும் கணிப்பொறி முகம் கோணாமல் விடை சொல்லும்!

அளந்த பிறகும் ஒரு சிக்கல். புள்ளிகளின் நடுவே கோடு கிழித்தால், ஏறத்தாழப் பாதி வேட்டுகள் அக்கோட்டுக்கு மேலேதான் அதிரும். சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் 1997-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, அதிர்வெண் 8 ஹெர்ட்சுக்குக் குறைந்தால் குடியிருப்பு வீடுகளுக்கு நொடிக்கு 5 மில்லிமீட்டர் என்று எல்லை வைத்தது. நடுக்கோட்டை நம்பி அந்த எல்லைவரை மருந்து நிரப்பினால், இரண்டு வேட்டுக்கு ஒன்று எல்லை தாண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து புள்ளிகள் கீழே அடங்கும் கோட்டையே கொள்ளவேண்டும் என்பேன். மருந்து குறையும், தமர் கூடும், ஜல்லி விலையும் சற்று ஏறும். ஏறட்டுமே!

அளக்கும் கலை நமக்கு அந்நியமன்று. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகப் பாறையோடு மல்லாடிய கோலார் தங்கவயலில்தான் 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் பிறந்தது.

அத்தைக்கு ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தேன்: 'அதிர்வுமானியை எங்கள் வாசலில் என்று வைத்தீர்கள்?' குவாரிக்குப் போய் அவர் கேட்டிருக்கிறார். மறுமொழி இன்னும் வரவில்லை.