வீட்டுப் பங்கை முதலில் அளந்து வையுங்கள்

மானாவாரி விவசாயி வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி இன்று பெரிய பிரச்னை இல்லை. 2011ஆம் ஆண்டு ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. செலவெல்லாம் அந்தச் சோற்றின் மேல் ஊற்றும் குழம்பில்தான். ரேஷனில் துவரம் பருப்பு மாதம் 1 கிலோ, 30 ரூபாய்க்குத் தருகிறார்கள். நல்ல உதவிதான். ஆனால் ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைக்கு 200 கிராம் பருப்பு வேகவைத்தால், அது ஐந்து இரவுக்கு வரும். மீதி 25 இரவுகளுக்கு? கையில் காசு இருந்தால் மளிகைக் கடை. இல்லாவிட்டால் புளியைக் கரைத்து, ரசம் என்று பெயர் வைத்து ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இத்தனைக்கும் பயறு விளைவது நம் நிலத்தில். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மேட்டு நிலங்களில் சாமை அறுத்த பிறகு, புரட்டாசி, ஐப்பசியில் கொள்ளு விதைக்கிறார்கள். தை, மாசியில் களத்துக்கு வருகிறது. தூற்றிய சூடு ஆறுவதற்குள் வியாபாரி வந்து முழுவதையும் அளந்துகொண்டு போய்விடுகிறார். எல்லோரிடமும் சரக்கு இருக்கிற நேரம். விலை இறங்கித்தான் இருக்கும். ஆடி மாதம் அதே கொள்ளு மூட்டைக் கூலி, லாரி வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் ஏறி, அரைக் கிலோ பொட்டலமாக நம் வீட்டுக்கே திரும்புகிறது. கேழ்வரகிலும் இதே கதைதான். 2023ஆம் ஆண்டு தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியபோது நிலமில்லாத குடும்பங்களுக்கு அது நன்மையாக இருந்தது. கேழ்வரகு விளைவித்தவரே பையோடு வரிசையில் நின்றால் என்ன சொல்வது!

விவசாய அன்பர்கள் விற்பனைக்கு அளப்பதற்கு முன் வீட்டுப் பங்கை அளந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. கணக்கு எளிது. வாரம் மூன்று இரவு, வேளைக்கு 200 கிராம் என்றால் வருடத்துக்குச் சுமார் 31 கிலோ. அடுத்த வருட விதைக்கு ஏக்கருக்கு 8 கிலோ. ஆக, ஒரு ஏக்கர்காரருக்கு 40 கிலோ போதும். 100 கிலோ மூட்டையில் பாதிகூட இல்லை.

“கடன்காரன் களத்தில் நிற்கிறானே” என்பீர்கள். உண்மைதான். உழவுக்கும் விதைக்கும் முன்பணம் கொடுத்தவருக்குக் குவியல் முழுவதும் தன்னுடையது என்ற நினைப்பு இருக்கும். களத்தில் வாதாடிப் பயனில்லை. அங்கே தராசும் அவருடையது, வண்டியும் அவருடையது. முன்பணம் வாங்கும் அன்றைக்கே, “40 கிலோ வீட்டுக்கு, மீதிதான் உங்களுக்கு” என்று பேசிவிட வேண்டும். அன்றைக்கு அவருக்கும் நம் சரக்கு தேவை. இந்த 40 கிலோவின் பணம் உடனே கைக்கு வராதது கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் கடனில் ஒரு மூலையைத்தான் அடைக்கும். கொள்ளு வருடம் முழுவதும் அடுப்பில் வேகும்.

கொள்ளு என்றாலே சிலருக்கு இளக்காரம். குதிரைத் தீனியாம், மாட்டுத் தீனியாம். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியை நம்பி, மெலிந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் பயப்படுகிறார்கள். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதச் சத்து இருக்கிறது. துவரம் பருப்புக்கு இது குறைந்ததல்ல. உழவு மாட்டுக்கு வலுவைக் கொடுப்பது உழுகிறவனுக்குக் கொடுக்காதா?

சமையலுக்கு ஒன்றுதான் முக்கியம். காலையில் காட்டுக்குப் போகும்போதே கல் பொறுக்கிக் கழுவி ஊறப்போட்டுவிட வேண்டும். ஊறாத கொள்ளு விறகையும் கேஸையும் தின்றுவிடும். மாலையில் தண்ணீர் தாராளமாக வைத்து, விரலால் நசுக்கினால் மசிகிற வரை வேகவிட்டு, தண்ணீரை வடித்துக்கொள்ளவும். அந்தத் தண்ணீரில் புளி கரைத்து, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டால் ரசம். வெந்த கொள்ளோடு, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், கொத்தமல்லி விதை வதக்கிச் சேர்த்து மத்தால் கடைந்தால் கடைசல். வேலியோரத்து முருங்கையில் இரண்டு கை கீரை பறித்து வதக்கிக்கொள்ளலாம். ஒரு அடுப்புச் செலவில் மூன்று பதார்த்தம். எண்ணெய் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று கரண்டிக்கு மேல் வேண்டாம், தேக்கரண்டியைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பரிமாறுகிறவர் கடைசியில் சாப்பிடுகிறார். கடைசல் மற்றவர் தட்டுகளில் தீர்ந்து, அவருக்கு ரசமும் அடிச்சோறும்தான் மிஞ்சுகிறது. பகலெல்லாம் குனிந்து களை எடுத்ததும் அவர்தான். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தச் சோகை. அடுப்பிலிருந்து இறக்கியதும் அவருடைய பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டுப் பிறகு பரிமாறட்டும். வீட்டு ஆண்கள் இதைக் கவனிக்கலாம், கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

எடுத்து வைத்த கொள்ளு வண்டு அடித்துப்போனால் வியாபாரிக்கே கொடுத்திருக்கலாம் என்று தோன்றும். அதனால், பல்லில் கடித்தால் ‘கடுக்’ என்று உடையும் வரை நல்ல வெயிலில் காய வைத்து, சூடு ஆறிய பிறகு பானையில் கொட்ட வேண்டும். உலர்ந்த வேப்பிலையை நடுநடுவே போட்டு, மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சலித்த காய்ந்த மணலைப் பரப்பி, வாயைத் துணியால் கட்டிவிடலாம். விதைக்கான 8 கிலோ வேறு பானையில், சாம்பல் கலந்து இருக்கட்டும். மாதம் ஒரு முறை திறந்து பார்த்து, ஓட்டை விழுந்த மணிகள் தென்பட்டால் உடனே வெயிலில் போடுங்கள்.